கூத்தன்தாங்கல் கணினி வாரியமும் சுவரைப் பார்த்து நின்ற மூவரும்

எல்லோருக்கும் வணக்கம். உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது? இந்தப் பக்கம் மழை இரண்டு நாள் கொட்டுகிறது, இரண்டு நாள் ஏமாற்றுகிறது. சளி பிடிக்காத வீடே இல்லை. உங்கள் வீட்டில் யாராவது இருமிக்கொண்டிருந்தால் தூதுவளையை ரசமாக வைத்துக் கொடுங்கள். துவையலாக வேண்டாம், பிள்ளைகள் துப்பிவிடும். சரி, அது கிடக்கட்டும். சோபியாவின் கதைக்கு வருவோம்.

சோபியாவுக்கு வேண்டியிருந்தது இரண்டு சென்ட் இடம்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, கூத்தன்தாங்கல் என்று கேட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது ஏரிக்கரை. கரைமேல் ஒரு குடிசை. அதில் சோபியா, அவள் புருஷன் ஜான்சன், மாமியார் மார்த்தாள், இரண்டு பிள்ளைகள். மழைநாளில் ஏரியும் பாதி உள்ளே வந்துவிடும். முன்பு கரையில் வரிசையாகக் குடிசைகள் இருந்தன. போன வெள்ளத்தில் மற்றவர்களெல்லாம் ராஜகுளம் பக்கம் உறவுக்காரர்களோடு போய் ஒண்டிக்கொண்டார்கள். சோபியாவுக்கு அப்படி ஒண்ட உறவு இல்லை. நாற்று நடவும், களை எடுக்கவும், நூறுநாள் வேலைக்கும் போய்க்கொண்டு அவள் அங்கேயே இருந்தாள்.

இப்போது கரையைப் பலப்படுத்தப் போகிறார்களாம். குடிசை இருக்கக் கூடாது. ஆனால் மனு போட்டால் ஊர்க்கோடியில் மனைப்பட்டா கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். மனு போடாதவர்கள் சட்டி பானையோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம், அதற்கு மனு தேவையில்லை.

மனுவை அவரவர் ஊர்ப் பொதுக் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும். வெளியே கடையில் போட்டால் ஏற்காது. புரோக்கர்கள் நடுவில் புகுந்துவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். குடும்பத் தலைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும், அதன் கேமரா அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. திங்கட்கிழமை காலை சோபியா நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கால்மணி நேரத்தில் வந்து சோற்றை வடித்துவிடுவேன், நீ இறக்காதே என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுக்குக் கணினி வாரியத்தைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கம்ப்யூட்டர் ஊருக்கு வந்த புதிதில் யார் வேண்டுமானாலும் தொடலாம். தொட்டார்கள். திரையில் இருந்த கோபுரப் படத்தை எடுத்துவிட்டு, கன்னியப்பன் என்கிற பால்காரர் தன் எருமையின் படத்தை வைத்தார். யாரோ எதையோ தட்டியதில் திரை தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. சில நாள் ஊரே கழுத்தைச் சாய்த்துப் படித்தது. மார்கழியில் பஜனை போடுவதற்காகச் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினார்கள், இறக்க மறந்துவிட்டார்கள். அன்று முதல் கம்ப்யூட்டரில் எதைத் தட்டினாலும் 'டங்' என்று ஒரு சத்தம் வரும், பஸ் ஸ்டாப்பில் தூங்குகிற நாய் எழுந்து உட்காரும்.

அப்போதுதான் வீரபத்திரன் எழுந்தார். காஞ்சிபுரத்தில் பட்டு ஜவுளி வியாபாரம் செய்து, பிள்ளைகளிடம் கடையைக் கொடுத்துவிட்டு, ஊரில் நிலமும் மாடிவீடுமாக ஓய்வாக இருந்தவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஊரைக் கூட்டி, பக்கத்து உத்திரமேரூரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே, குடத்தில் ஓலை போட்டு வாரியம் தேர்ந்தெடுத்தார்களே, ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று வைத்தார்களே, கம்ப்யூட்டருக்கு ஒன்று வேண்டாமா என்று கேட்டார். ஆயிரம் வருஷம் என்றதும் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

கல்வெட்டில் இருக்கிற தகுதிகளையே வைத்துக்கொண்டார்கள். சொந்த நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குக் கீழ் வயது இருக்க வேண்டும். படிப்பு என்கிற இடத்தில் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும் என்று போடலாமா என்று பேச்சு வந்தது. அப்படிப் போட்டால் நல்லவர்கள் யாருமே வர முடியாமல் போய்விடும் என்று வீரபத்திரன் வருத்தப்பட்டதால் அதை விட்டுவிட்டார்கள். கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய சொந்தக்காரர்களும் நிற்கக் கூடாது என்று கல்வெட்டில் ஒரு வரி உண்டு. அதையும் ஒருமனதாக விட்டுவிட்டார்கள்.

பனையோலை வெட்ட ஆள் கிடைக்கவில்லை, பழைய கல்யாணப் பத்திரிகையை நறுக்கிப் பெயர் எழுதினார்கள். குடத்துக்கு, குழாயடியில் இருந்த ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம். விவரம் அறியாத குழந்தைதான் சீட்டை எடுக்க வேண்டும் என்பதால் வீரபத்திரனின் பேரனை உட்கார வைத்தார்கள். அந்தப் பிள்ளை தாத்தா பேரை முதலில் எடுத்தது. அடுத்து கன்னியப்பன் பேர் வந்தது. மூன்றாவது சீட்டை வாயில் போட்டு மென்றுவிட்டது. அதில் என்ன இருந்தது என்று தெரியாததால், பெண்களுக்கும் இடம் கொடுத்த மாதிரி இருக்கட்டும் என்று ரைஸ்மில் ஜெகதாம்பாளைப் போட்டார்கள்.

இந்த மூன்று பேரும் நிர்வாகிகள். ஊரில் மற்ற எல்லோரும் 'சாதாரணப் பயனாளர்'. கம்ப்யூட்டரே அப்படித்தான் சொல்கிறது என்று வீரபத்திரன் காட்டினார். சாதாரணப் பயனாளர் கம்ப்யூட்டரில் எழுதலாம், படிக்கலாம். செட்டிங்ஸ் என்கிற இடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. அதற்குப் பாஸ்வேர்டு வேண்டும். ஒருவர் கையில் முழு அதிகாரமும் இருக்கக் கூடாது என்று பாஸ்வேர்டை மூன்று துண்டாக்கினார்கள். தலை வீரபத்திரனிடம், இடுப்பு ஜெகதாம்பாளிடம், வால் கன்னியப்பனிடம். ஒருவர் தன் துண்டைப் போடும்போது மற்ற இருவரும், அறையில் சம்பளத்துக்கு இருக்கிற ஆபரேட்டரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். இடையில் திரும்பிப் பார்த்தவருக்குப் பதவி போய்விடும், அவருடைய சொந்தபந்தம் யாரும் இனிக் குடத்தில் பேர் போட முடியாது. சாதாரணப் பயனாளர்கள் ஜன்னலுக்கு வெளியே கயிறு கட்டிய இடத்தில் நின்றால் போதும். வாரியத்தின் வேலையில் தலையிடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு யாரும் எதையும் மாற்றவில்லை. எருமை அப்படியே இருக்கிறது. சத்தமும் அப்படியே இருக்கிறது. பாதுகாப்பு என்றால் அதுதான்.

சோபியா போனபோது ஆபரேட்டர் கோகுல்ராஜ் அப்போதுதான் சுவிட்சைப் போட்டான். கறுப்புத் திரையில் வெள்ளையாக இரண்டு வரி வந்தது. தேதியும் நேரமும் தெரியவில்லை, எஃப் ஒன்றை அழுத்திச் சரிசெய்யவும், இல்லாவிட்டால் எஃப் இரண்டை அழுத்தி இப்படியே போகவும் என்று இங்கிலீஷில் கேட்டது. சோபியா பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். கோகுல்ராஜ் அதைப் படிக்கவே இல்லை. கொசுவை அடிக்கிற மாதிரி எஃப் இரண்டை ஒரு தட்டுத் தட்டினான்.

ஏன் அப்படி என்று கேட்டாள். அதில் செட்டப் என்று ஒரு வார்த்தை வருகிறது, செட் என்று ஆரம்பிக்கிற எதையும் தொடக் கூடாது என்று வாரியம் சொல்லியிருக்கிறது என்றான்.

மனுப் பக்கத்தைத் திறந்தான். 'டங்' என்றது. உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது, திறக்க முடியாது என்று வந்தது. திரையின் மூலையில் பார்த்தால் இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்று, வியாழக்கிழமை.

"உள்ள ஒரு சின்ன பேட்டரி செத்துப் போச்சிக்கா. கரண்டு போனா அந்தத் தேதிக்கு ஓடிப்பூடுது," என்றான் கோகுல்ராஜ்.

"அப்ப மாத்தேன்."

"நானும் சாதாரணந்தாங்கா. உன்ன மாரியே."

அவன் பாடும் பாவம்தான். வருகைப் பதிவைக் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும். தினமும் கரண்டு போகிற ஊர், தினமும் அதே ஜனவரி ஒன்று. அதன் கணக்குப்படி கோகுல்ராஜ் இதுவரை ஒரே ஒரு நாள்தான் வேலைக்கு வந்திருக்கிறான். அந்த ஒரு நாளும் அவன் நேரத்துக்கு வந்ததாக வாரியம் அவனைப் பாராட்டியிருக்கிறது. கரண்டு போனாலும் தாங்குகிற யுபிஎஸ் பெட்டி ஒன்று அரசாங்கம் கொடுத்தது உண்டு. அது வீணாகிவிடக் கூடாது என்று பிரிக்காமல் ஜெகதாம்பாள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது.

சோபியா வீரபத்திரன் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார், பொறுமையாகவே பதில் சொன்னார்.

"இங்க பாரும்மா. தேதின்றது யார் வேணா தொட்றதுக்கு இன்னா, கொயாத் தண்ணியா? இன்னிக்கி நீ தேதிய மாத்துவ. நாளிக்கி ஒருத்தன் வந்து கெயமய மாத்துவான். அப்பறம் எனக்கு இன்னா வேல கீது இங்க?" என்றவர் கொஞ்சம் இருமிவிட்டு, ஊருக்கு என்று சொல்ல வந்தேன் என்றார்.

பிறகு விளக்கமாகச் சொன்னார். நாங்கள் யாரையும் தடுக்கவில்லை, பாதுகாக்கிறோம். நீங்கள் தொடாமல் இருந்தால்தான் அது உங்களுக்கே நன்றாக வேலை செய்யும். வேலை செய்யாவிட்டாலும், யாரும் தொட்டதால் வேலை செய்யவில்லை என்கிற கெட்ட பேர் வராது. தேதியை மாற்ற வாரியம் கூட வேண்டும். கூடுவதற்கு ஏழு நாள் முன்னால் அறிவிக்க வேண்டும். அந்த ஏழு நாளையும் கம்ப்யூட்டர் தேதிப்படிதான் எண்ண வேண்டும்.

சோபியாவுக்குத் தலை சுற்றியது. கம்ப்யூட்டர் தேதிதான் நகர்வதே இல்லையே என்றாள்.

வீரபத்திரன் அதற்கும் ஒரு தீர்மானம் இருப்பதாகச் சொன்னார். வாரியத்தின் காலம் ஒரு வருஷம். அந்த வருஷம் முடிந்தபோது, முடிந்துவிட்டது என்று சிலர் கிளப்பினார்கள். வீரபத்திரன் அவர்களைக் கம்ப்யூட்டர் முன்னால் கூட்டிக்கொண்டுபோய் மூலையைக் காட்டினார். வருஷம் முடியவில்லை, பிறக்கவே இப்போதுதான் பிறந்திருக்கிறது. மனுஷன் தப்பாகச் சொல்லலாம், கம்ப்யூட்டர் சொல்லுமா? அதனால் ஊரின் அதிகாரபூர்வமான தேதி கம்ப்யூட்டர் தேதிதான் என்று தீர்மானம் போட்டார்கள். அவருக்கு எழுபது தாண்டிவிட்டதே என்று ஒருவர் முணுமுணுத்தார். அதையும் அந்தத் தேதி பார்த்துக்கொண்டது.

வேறு வழியே இல்லையா என்று கேட்டாள். உண்டு, நிர்வாகியாக இருந்தால் நீயே மாற்றலாம், குடத்தில் உன் பேரும் போட்டால் ஆயிற்று என்றார். போடுங்கள் என்றாள். சொந்த நிலம் இருக்கிறதா என்று கேட்டார்.

"அதுக்குதாங்கய்யா மனு போட வந்தேன்," என்றாள் சோபியா.

வீரபத்திரன் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதும்மா. பட்டா வாங்கிக்கினு வா. அப்பறம் பாஸ்வேர்ட பத்தி பேசலாம்," என்று சொல்லிவிட்டு நாஷ்டா சாப்பிட உள்ளே போனார்.

கால்மணியில் வருவதாகப் போனவள் மத்தியானம்தான் வந்தாள். உலையில் சோறு குழைந்து கஞ்சியாகியிருந்தது. மார்த்தாள் எல்லாவற்றையும் கேட்டாள். கிழவிக்கு நடவு நட்டு நட்டு முதுகு வளைந்துவிட்டது, வாய் மட்டும் வளையவில்லை.

"இன்னாமே, தேதிக்கே வாச்சுமேன் போட்டு கீறானுங்களா? ரெண்டாயிரத்து ஒம்போதுல எனக்குப் பல்லு எல்லாம் இருந்திச்சி. அத்தயும் பொட்டியில கேட்டுப் பாரு, குடுப்பானுங்களான்னு."

செவ்வாய்க்கிழமை சோபியா ஜெகதாம்பாளிடம் போனாள். அந்த அம்மாள் இரக்கமுள்ளவர். காப்பி கொடுத்தார். என்னிடம் இருப்பது இடுப்பு மட்டும்தானே, தலையும் வாலும் இல்லாமல் நான் என்ன செய்ய என்று அழாத குறையாகச் சொன்னார். புதன்கிழமை கன்னியப்பனிடம் போனாள். அவர் எருமைக்குப் புண்ணாக்கு வைத்துக்கொண்டே, தலைவர் கூப்பிட்டால் வருவேன், தலைவர் கூப்பிடாவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன் என்றார். இதற்குள் கரைக்குப் பொக்லைன் வந்து நின்றுவிட்டது. வண்டிக்காரன் நல்லவன், சனிக்கிழமைதான் ஆரம்பிப்பேன் என்று சொன்னான். பிள்ளைகள் அதன் மேல் ஏறி விளையாடின. நம் வீட்டை இடிக்க வந்தது என்று அதுகளுக்குச் சொல்லவில்லை.

அன்று மாலை சோபியா தட்டு முட்டுகளைச் சாக்கில் போட ஆரம்பித்தாள். அரிசிப் பானையை மட்டும் வெளியே வைத்திருந்தாள். மார்த்தாள் அதைப் பார்த்தாள். முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு வியாழக்கிழமை விடிந்ததும் நேரே வீரபத்திரன் வீட்டுக்குப் போனாள்.

அங்கே போய் அவள் மனுவைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. மூன்று பேரும் சேர்ந்து பாஸ்வேர்டு போடுவதை இந்த ஊரில் ஒருத்தரும் கண்ணால் கண்டதில்லை, கரையை விட்டுப் போகிறவர்கள் போவதற்குள் ஒருதரம் பார்த்துவிட்டால் ஜென்மம் சாபல்யம் என்றாள்.

"மாலைக்கும் சொல்லிட்டேன் தலிவரே," என்றாள்.

"இன்னா மால?"

"சம்பங்கி."

வீரபத்திரன் சிறிது யோசித்தார். "நடுவுல ரோசா வச்சி கட்டச் சொல்லு," என்றார்.

கூட்டம் நடத்தத்தான் ஏழு நாள் அறிவிப்பு வேண்டும், விழா நடத்த வேண்டாம் என்று அவரே விதியில் ஒரு சந்து கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு 'கடவுச்சொல் சொரிதல் விழா' என்று ஊரெல்லாம் மைக்கில் சொல்லியாயிற்று. விழாவில் செய்து காட்ட ஏதாவது ஒரு வேலை வேண்டுமே, அந்தப் பொண்ணு கேட்ட தேதியையே மாற்றிக் காட்டலாம் என்றும் அவராகவே முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை ஊரே ஜன்னலுக்கு வெளியே கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. முன்வரிசையில் மார்த்தாள். கேமரா முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் சோபியாவை மட்டும் உள்ளே விட்டுக் கம்ப்யூட்டர் முன் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு சாதாரணப் பயனாளர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது பாஸ்வேர்டு போடுவார்கள் என்று விதி எழுதினபோது யாரும் நினைக்கவில்லை. அதனால் அவள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று விதியில் இல்லை. கண்ணை மூடிக்கொள் என்று மட்டும் சொன்னார்கள், மூடிக்கொண்டாள்.

முதலில் வீரபத்திரன் பேசினார். அதிகாரம் என்பது ஒரு சுமை, அதை நாங்கள் மூன்று பேரும் சுமப்பதால்தான் நீங்கள் வெறுங்கையோடு நிற்க முடிகிறது என்று சொன்னபோது கைதட்டினார்கள். பேச்சு நாலரையைத் தாண்டியது. சோபியா மூடின கண்ணுக்குள்ளேயே பொக்லைனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்ப, வீரபத்திரன் தலையைப் போட்டார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு 'டங்'. அவர் திரும்பிக்கொள்ள, ஜெகதாம்பாள் இடுப்பைப் போட்டார். அவரும் திரும்பிக்கொண்டு, கன்னியப்பா உன் முறை என்று சொன்னார். கன்னியப்பன் சுவரிலிருந்து திரும்பப் போன நேரத்தில் கரண்டு போய்விட்டது.

ஒருவரும் அசையவில்லை. யார் எந்த இடத்தில் இருக்கிறார் என்று தெரியாமல் திரும்பினால் பதவி போய்விடும் அல்லவா. மூன்று பேரும் மூன்று சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்தது. கோகுல்ராஜ் சுவிட்சைப் போட்டான்.

"கன்னியப்பா, போடு," என்றார் வீரபத்திரன் சுவரிடம்.

"பொட்டி புச்சா ஏந்துகினு கீது தலிவரே. மொதல்லேர்ந்துதான் வரணும். நீங்க போடுங்க," என்றார் கன்னியப்பன் தன் சுவரிடம்.

"நான் போட்டது போட்டதுதான். ஒரே பாஸ்வேர்ட ரெண்டு வாட்டி போட்டா மருவாத இல்ல."

நான் போடட்டுமா என்று ஜெகதாம்பாள் கேட்டார். தலை போகாமல் இடுப்பு போகக் கூடாது என்றார்கள் இரண்டு பேரும். அப்படியானால் நான் பல்லியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார்.

திரையில் அந்த இரண்டு வரி வந்து நின்றது. கோகுல்ராஜின் விரல் வழக்கம்போல எஃப் இரண்டுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. அவன் சோபியாவைப் பார்த்தான்.

"நான் ஆபரேட்டராச்சேக்கா. திரும்பிக்கணும்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நாலாவது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

சோபியா கண்ணைத் திறந்தாள். இத்தனை வருஷமாக அந்தக் கம்ப்யூட்டர் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, யார் எவர் என்று கேட்காமல், நிலம் இருக்கிறதா வீடு இருக்கிறதா என்று கேட்காமல், எதிரில் இருக்கிறவரிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஒருத்தரும் பதில் சொன்னதில்லை. சோபியா எஃப் ஒன்றை அழுத்தினாள். தேதி எழுதுகிற இடம் முதல் வரியிலேயே இருந்தது. வருஷத்தைப் போட்டாள், மாதத்தைப் போட்டாள், தேதியைப் போட்டாள். நேரம் தெரியாமல் ஜன்னலைப் பார்த்தாள்.

மார்த்தாள் பக்கத்தில் நின்றவரின் கையைப் பிடித்து வாட்சைத் திருப்பிப் பார்த்தாள். "ஏசப்பா, மணி நாலே முக்கா ஆவுதே," என்று வானத்தைப் பார்த்துப் பெரிதாகப் புலம்பினாள்.

நாலே முக்கால் என்று போட்டாள் சோபியா.

ஜன்னலுக்கு வெளியே இருந்த அத்தனை பேரும் இதைப் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாரியத்தின் வேலையில் சாதாரணப் பயனாளர் தலையிடக் கூடாது என்பது விதி.

கம்ப்யூட்டர் முழித்துக்கொண்டது. எருமை வந்தது. 'டங்' என்றது.

"ஆங், கன்னியப்பன் போட ஆரம்பிச்சிட்டான்," என்றார் வீரபத்திரன் திருப்தியாக.

கன்னியப்பன் அது தலைவர் போடுகிற சத்தம் என்று நினைத்துச் சந்தோஷமாகச் சுவரோடு ஒட்டி நின்றார். மனுப் பக்கம் திறந்தது. பேரைப் போட்டாள், டங். ஊரைப் போட்டாள், டங். வருமானம், சாதி, ரேஷன் கார்டு, டங் டங் டங். நீளமான பாஸ்வேர்டுதான் என்று ஜெகதாம்பாள் பல்லியிடம் வியந்தார். என் பாகம் இவ்வளவு பெரிதில்லை, நமக்குத் தெரியாமல் தலைவர் கூட்டிவிட்டார் போலிருக்கிறது என்று கன்னியப்பனுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தேகம்கூட வந்தது. கேட்டால் மரியாதையாக இருக்காது.

கேமரா சோபியாவின் முகத்தைப் பார்த்தது. கண்ணைத் திறந்து வைக்கவும் என்றது. அவள் திறந்துதான் வைத்திருந்தாள், தண்ணீர் நின்றதால் அதற்குத் தெரியவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். கடைசியாக ஒரு டங். உங்கள் மனு பெறப்பட்டது என்று வந்தது. பிரிண்டர் கரகரவென்று ரசீதைத் துப்பியது. அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, சோபியா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆச்சிங்கய்யா," என்றாள்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். திரையின் மூலையில் சரியான தேதி, சரியான வருஷம். மூன்று பேரும் ஒருவரையொருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள். மார்த்தாள் மாலையை ஜன்னல் வழியாக நீட்டினாள். நடுவில் ரோஜா இருந்தது. வீரபத்திரன் கழுத்தில் போட்டுக்கொண்டு, பார்த்தீர்களா, பாதுகாப்பு என்றால் இதுதான், நாங்கள் மூன்று பேரும் ஒற்றுமையாக இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா என்று கேட்டார். நடந்தே இருக்காது என்றது ஊர். பொய்யும் இல்லை.

கைதட்டல் அடங்கும்போது ஜெகதாம்பாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலையை உற்றுப் பார்த்தார்.

"தலிவரே, இந்தத் தேதிப்படி பாத்தா நம்ம வருசம் முடிஞ்சி எம்மா காலம் ஆச்சி தெரியுமா?"

"உங்களுக்கும் எயுவது தாண்டிப் போச்சி," என்றார் கன்னியப்பன்.

 அதிகாரபூர்வமான தேதி கம்ப்யூட்டர் தேதிதான் என்று தீர்மானம் போட்டவர் வீரபத்திரன். அவர் திரையைப் பார்த்தார், கழுத்து மாலையைப் பார்த்தார். பிறகு மாலை அசையாமல் நிதானமாக நடந்து, கதவோரம் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார்.

"கரண்டு பூடுச்சி," என்று அறிவித்தார்.

ஆமாம், போய்விட்டது என்றார்கள் மற்ற இருவரும். வெளியே டீக்கடை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கையால் கரண்டு வந்தது. கோகுல்ராஜ் எஃப் இரண்டைத் தட்டினான். இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்று, வியாழக்கிழமை. வீரபத்திரனுக்கு உயிர் வந்தது. வாரியத்துக்கு ஆயுசு வந்தது. கோகுல்ராஜ் முதல் நாள் வேலைக்கு வந்திருந்தான்.

சனிக்கிழமை பொக்லைன் குடிசையைத் தள்ளியது. ஜான்சன் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர்க்கோடியில் தார்ப்பாய் கட்டினான். நனைந்துகொண்டு கிடந்தார்கள், கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பட்டா வந்தது. கடைக்கால் தோண்டினார்கள். முதல் கல்லை வைக்கச் சொன்னபோது மார்த்தாள் மருமகள் கையில் கல்லைக் கொடுத்தாள்.

சொந்த நிலம் வந்துவிட்டதே, இனிக் குடத்தில் உன் பேரும் போடலாமே என்று யாரோ சோபியாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவளும் விடாமல் போய்க் கேட்டாள். வீரபத்திரன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ஊர்த் தேதிப்படி உனக்குப் பட்டா கிடைக்க இன்னும் நிறைய வருஷம் இருக்கிறதே அம்மா என்று அன்பாகச் சொன்னார். கோபத்தோடு வந்த மருமகளைப் பார்த்து மார்த்தாள் சிரித்தாள்.

"அவனுங்க அந்த வருசத்துலயே கெடக்கட்டும் வுடு. நம்ம வூட்டுக்கு எந்தப் பக்கம் வாசக்கால் வெக்கலாம், அத்த சொல்லு."

கடவுச்சொல் சொரிதல் விழா இப்போது அடிக்கடி நடக்கிறது. யாருக்காவது அவசரமாக மனு போட வேண்டும் என்றால் ஒரு மாலைக்குச் சொல்லிவிடுகிறார்கள். மூன்று பேரும் வந்து பேசி, சுவரைப் பார்த்து நின்று, ஆச்சிங்கய்யா என்று சத்தம் கேட்டதும் திரும்புகிறார்கள். பிறகு தலைவர் போய் மெயினை இறக்குகிறார். ஊரில் யாருக்கும் குறையில்லை. சத்தம்தான் இன்னும் குறையவில்லை, நாய் பஸ் ஸ்டாப்பை விட்டே போய்விட்டது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பெட்டியும் அதற்கு ஒரு வாரியமும் கட்டாயம் இருக்கும். பேங்கிலோ, ரேஷன் கடையிலோ, பிள்ளைகள் படிக்கிற இடத்திலோ யாராவது ஒருவர் பாஸ்வேர்டை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் எந்தச் சுவரைப் பார்த்து நிற்கும்போது நீங்கள் உங்கள் வேலையை முடித்துக்கொண்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. அவருடைய பேரை மட்டும் போட்டுவிடாதீர்கள், திரும்பிப் பார்த்துவிடப் போகிறார்.